சார்ட் பேப்பரில் நித்யா

சனி, ஜூன் 9, 2012

ஹைதராபாத்ல முதல் மழை. தார்நாகா சிக்னல்லயே நாற்பது நிமிஷம். பேகம்பேட் போய்ச் சேரும்போது சட்டை முழுக்க ஈரம்.

வீட்டுல சொல்லியிருப்பது: ஓவிய வகுப்பு. நிஜம்: திருநங்கை, திருநம்பி, ரெண்டிலும் சேராத பிள்ளைங்களுக்கான ஆர்ட் தெரபி. ஏழு பேர். தமிழ் நான் மட்டும்தான்.

இன்னைக்கு வேலை: சார்ட் பேப்பரை ஆளுயரத்துக்கு ஒட்டி, அது மேல படுக்கணும். இன்னொருத்தர் உடம்பைச் சுத்திக் கோடு போடணும். உள்ளே நம்ம இஷ்டம். எனக்குக் கோடு போட்டது குரூப்ல இருக்கிற சோனு. கூச்சத்துல நெளிஞ்சேன். "ஹிலோ நக்கோ!", அசையாதேன்னு அதட்டல் வேற.

வரைஞ்சது: பின்னல், ஜிமிக்கி, பச்சைத் தாவணி. கீழே பேர், நித்யா. நடத்துற ஷைலஜா மேடம் யார் இதுன்னு கேட்டாங்க. நான்னு சொல்றதுக்குள்ள அழுகை. என்னென்னமோ தமிழ்ல புலம்பினேன். யாருக்கும் புரியல. டிஷ்யூ நீட்டினாங்க.

படத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணுமாம். பீரோ பின்னால சொருகிட்டேன்.

திங்கள், ஜூன் 11

கேப் லேட். கொண்டாப்பூர் ஆபீஸ்ல இன்னைக்கு நான் பேசினது மொத்தம்: குட் மார்னிங், ஓகே, பை. லஞ்ச் தனியா.

வீட்டுக்கு வந்தா என் கட்டில்ல படத்தை விரிச்சு வச்சுட்டு அம்மா.

"யாருடா இந்த நித்யா?"

படத்தைச் சுருட்டப் போனேன். விடல.

"லவ்வா? தெலுங்குப் பொண்ணா? சொல்லித் தொலையேன்!" அப்புறம் சிரிப்பு. "லட்சணமா இருக்காடா. உன்னைப் பத்தி நான் என்னென்னமோ பயந்துட்டிருந்தேன்."

ஆமான்னு தலையை ஆட்டிட்டேன். மடச்சி. சரியான மடச்சி நான்.

புதன், ஜூன் 13

வெயில். வாங்க வேண்டியது: ஷாம்பூ, அம்மாவோட பிரஷர் மாத்திரை, ரீசார்ஜ்.

அப்பா காதுக்கும் போயிருச்சு. டிஃபென்ஸ் லேப்ல முப்பது வருஷம், பாதி ஹைதராபாதி. "ஹவ், சரி, ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடு, பார்க்கலாம்"னார்.

அவளுக்கு என்ன பிடிக்கும்னு அம்மா. வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல்னேன். "உன் டேஸ்ட்டேவா!" முகமெல்லாம் சந்தோஷம். என்னைப் பார்த்து அப்படி மலர்ந்து எத்தனை வருஷமாச்சு? அவ மேல எனக்குப் பொறாமை. என் மேலயே எனக்கு.

சோனுவுக்கு போன். சொல்லிடுன்னாங்க. அவங்களுக்கென்ன, சொன்ன அன்னைக்கே அவங்க வீட்டுல துரத்திட்டாங்க, இனிமே போக ஒண்ணுமில்ல. எனக்கு அம்மா இருக்கா.

ஞாயிறு, ஜூன் 17

தூறல். ஹப்சிகுடா போய் அவளுக்காக நாலு முழம் மல்லி வாங்கிட்டு வந்தா அம்மா. நாலு தட்டு எடுத்து வச்சா. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோட ஹால்ல.

ஒரு மணி. சமையலறைல நாங்க ரெண்டு பேர்தான்.

"எதுல வர்றா? பஸ்ஸா, ஆட்டோவா?"

"வந்தாச்சும்மா."

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தா.

"நான்தாம்மா நித்யா. அந்தப் படம் நான்தான். சின்ன வயசிலேர்ந்தே."

கேஸை அணைச்சா. என்னையே பார்த்தா. அடிப்பான்னு நினைச்சேன். அடிக்கல, அழல. ஒரு தட்டை எடுத்து மறுபடி ஷெல்ஃப்ல வச்சா.

"அப்பா கேட்டா அவளுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு."

சொன்னேன்.

"அடடா! அதனாலென்ன, அடுத்த வாரம் வரச் சொல்லு"ன்னு அப்பா என் தட்டுல இன்னும் கொஞ்சம் வறுவல் வச்சார்.