நிர்மலாவுக்குப் பல்வலி

ஜன. 8, செவ்வாய்

மூடுபனி. ஆபீஸ் பஸ் முக்கால் மணி லேட்.

வெளியே சொல்ல முடியாத விஷயம். வயது ஐம்பத்தொன்று, மத்திய சர்க்கார் செக்‌ஷன் ஆபீசர், இன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து பெண் குரலில் விசும்பினேன். எல்லாம் மொழிபெயர்ப்புக்காக. மச்சினி வடிவுக்கு. ஒரு மாதமாக இங்கே ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருக்கிறாள். கோவில்பட்டியிலிருந்து தனியாக வந்தாள், புருஷன் இல்லாமல். "மனசு சரியில்லக்கா" என்றதோடு சரி. ஹிந்தி தெரியாது. மாமனார் ஹிந்திப் பலகைகளில் தார் பூசி ஜெயிலுக்குப் போனவர். அந்த வீட்டில் எப்படித் தெரியும்?

செவ்வாய்க்கிழமை ஹிந்தித் தொடருக்கு நான்தான் அவளுக்குக் குரல். திவாகர்–நிர்மலா ஜோடி. டில்லி முழுக்க இவர்கள் பேச்சு. என் மனைவி கோமதியின் உத்தரவு: "என்னங்க, அதுக ரெண்டும் ஒத்துமையா இருக்காப்புல சொல்லுங்க. கேட்டுக் கேட்டு இவ மனசு இளகட்டும்."

இன்று நிர்மலா தட்டைத் தள்ளிவிட்டு, "இனி உங்களோடு ஒரே கூரைக்குக் கீழே மூச்சுவிட முடியாது" என்றாள். நான் சொன்னது: "நீங்க சாப்பிடாம எனக்கு எப்படி இறங்கும்?" கூடவே விசும்பல்.

வடிவு: "அன்பாப் பேசுதவ மூஞ்சி ஏன் அத்தான் அப்படி இருக்கு?"

"பல்வலி."

ஒரு மாதிரி சிரித்தாள். இளகுகிறாள் போல. போன வாரமே சகலைக்கு லெட்டர் போட்டாயிற்று: கோபம் தணிந்துவிட்டது, வந்து கூட்டிப் போகவும்.

ஜன. 10, வியாழன்

ஹீட்டர் காயில் போச்சு. இரண்டு ஸ்வெட்டர், மங்கி கேப். கண்ணாடியில் பார்த்து நானே பயந்தேன்.

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு நகைச்சுவைக் கட்டுரை வேண்டுமாம். "என் மனம் கவர்ந்த திரை ஜோடிகள்." குறிப்பு:

1. கறுப்பு-வெள்ளைப் படம். பஸ் கண்டக்டர் + டைப்பிஸ்ட். டிக்கெட் கிழித்தே காதல்.
2. ராஜா + குடியானவள். யானைக்காகப் பிடித்தது.
3. தி + நி. டி.வி.யில் வருகிற ஜோடி அல்ல, என் வாயில் வருகிற ஜோடி. என் திவாகர் மன்னிப்புக் கேட்கிறான், பாத்திரம் கழுவுகிறான். நான் கழுவுவதில்லை.

கோமதி ரவிக்கைக்குக் கொக்கி வைக்கக் கொடுத்தாள். வடிவு வைத்தது போட்டவுடன் கையோடு வந்துவிட்டது. "ஏட்டி, நாலு வருஷம் தையல் கிளாஸ் போனியே, அங்க என்னத்தக் கிழிச்ச?" இதற்கும் சிரிப்புதான்.

ஜன. 13, ஞாயிறு

மத்தியானம் டி.வி.யில் மாநில மொழிப் படம். சுற்றிச் சுற்றி ஒருவழியாகத் தமிழின் முறை. பக்கத்து பிளாக் தமிழர்கள் எல்லாம் எங்கள் ஹாலில். செருப்பு வாசல் தாண்டி மாடிப்படி வரை.

படம் என் லிஸ்டில் முதல் ஜோடி. இருபது வருஷமாக மெச்சுகிறேன், நடுவில் கண்டக்டர் அவளை அறைவது ஞாபகமே இல்லை. அறைந்தான். அவன் மார்பில் சாய்ந்தாள். பாட்டு. "அப்படிப் போடு" என்று யாரோ. நானும் தலையாட்டியிருப்பேன்.

வடிவு எழுந்து போனாள். ஏதோ கிண்டல் பண்ணலாம் என்று பின்னாலேயே போனேன். அடுப்படியில் திரும்பி நின்று ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே வட்ட வட்டமாக. சிகரெட்.

"அங்க அடி விழுந்ததும் பாட்டு வருது அத்தான். எங்க வீட்டுல ரேடியோகூடக் கிடையாது."

 

ஜன. 14, திங்கள்

பொங்கல். பால் பொங்கியது, தந்தியும் வந்தது. சகலை ரயில் ஏறிவிட்டானாம், புதன் காலை டில்லி. இனி எந்தத் தந்தியும் அவனைப் பிடிக்காது.

கோமதியிடம் கையைப் பற்றிச் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நாந்தான இளகட்டும்னேன்."

யோசனைகள்: வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுவது (எங்கே?). ஸ்டேஷனிலேயே மறிப்பது (அவன் ஆறடி, நான் ஸ்வெட்டரோடு ஐம்பத்திரண்டு கிலோ). போலீஸ் ("குடும்ப விஷயம்" என்பார்கள்). எல்லாம் உதவாது. அழைத்ததே நான். சோறு இறங்கவில்லை.

வடிவிடம் சொன்னோம். "வரட்டும்."

ஜன. 15, செவ்வாய்

தொடர். நிர்மலா பெட்டியோடு கதவருகே நின்று திவாகரிடம் ஏதோ சொன்னாள். இன்றாவது உள்ளதைச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். மொழிபெயர்க்காமல் எழுந்துபோய் ஆன்டெனாவைத் திருகினேன். ஒரு மாதம் 'இரு, பொறு' என்று பசப்பிய வாய்.

வடிவு அர்த்தம் கேட்கவில்லை.

ஜன. 16, புதன்

பனி. ரயில் பத்து மணி லேட். வண்டி வந்து சேரவே கூடாது என்று அத்தனை நேரமும் வேண்டிக்கொண்டேன். மற்ற பிரயாணிகள் மன்னிக்க.

சாயங்காலம் வந்தான். கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். உட்காரவில்லை. "கெளம்பு."

நான் எழுந்து நடுவில் நின்றேன்.  தலையில் மங்கி கேப். "காபி சாப்பிடுறீங்களா" என்றுதான் வாயில் வந்தது.

வடிவு கதவருகே போய் நின்றாள். "பயந்து போய் உங்கள விட்டு வந்தேன்னு நினைக்காதீங்க. பயந்துக்கிட்டுத்தான் இம்புட்டு நாள் கூட இருந்தேன். கதவு தெறந்துதான் இருக்கு, போயிட்டு வாங்க."

கத்தினான். எதிர் குவார்ட்டர்ஸ் சர்தார்ஜி வெளியே வந்து, "க்யா ஹுவா, பாயி சாப்?" என்று விசாரித்தார். சகலைக்கு ஹிந்தி புரியாது, சர்தார்ஜியின் தோள் புரிந்தது. போனான். கடலைமிட்டாயையும் எடுத்துக்கொண்டு.

கதவைத் தாழிட்ட பிறகுதான் உறைத்தது. அவள் சொன்னதில் முதல் இரண்டு வாக்கியமும் நேற்று நிர்மலா ஹிந்தியில் சொன்னது, அட்சரம் பிசகாமல். நான் மொழிபெயர்க்காதது. கதவு மட்டும் வடிவுடையது.

"உனக்கு எப்படிம்மா…"

"மொத நாளே நீங்க ஆரம்பிச்சுட்டீங்க அத்தான். நல்லாயிருந்துச்சு, நிறுத்தச் சொல்ல மனசு வரல." அப்புறம் கோமதியைப் பார்த்து: "தையல் கிளாஸ்னு அப்பாட்ட சொல்லிட்டுப் போனது ஹிந்தி கிளாஸுக்குக்கா. எல்லாப் பரீட்சையும் பாஸ்."