யொமோகிக்குப் போட்ட திரை

மத்சுயாமா
ஜூன் 9

அன்புள்ள ஷூஹெய்-சான்,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. துவைத்த துணி எதுவும் காய்வதில்லை. நீங்கள் அனுப்பிய யூசு எலுமிச்சை ஊறுகாய் வந்தது. நன்றி.

என் பச்சோந்தி யொமோகி சினையாகத்தான் இருக்கிறாள். போன மாதம் உங்கள் ஆண் பச்சோந்தியை முதல் நாள் கூண்டில் விட்டபோது பச்சை மாறாமல் அவனோடு சேர்ந்தவள், மறுநாள் அவனைக் கண்டதும் கறுத்து, நீலமும் மஞ்சளுமாகப் புள்ளி போட்டு, வாயைப் பிளந்தாளே, நினைவிருக்கிறதா? "வெக்கப்படுறா. இன்னொரு தடவை விட்டுப் பாப்போமே" என்றீர்கள். "வெக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேண்டாங்கறா. தூக்குங்க அவனை" என்றேன். இருவரும் சிரித்தோம். பல மாதங்களுக்குப் பிறகு.

குஞ்சிலிருந்து தனியாக வளர்ந்தவள். வேறொரு பச்சோந்தியைப் பார்த்ததே இல்லை. வேண்டாம் என்று சொல்ல யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை.

கோச்சியில் நம் வீட்டுக்கு எப்போது திரும்புவேன் என்று கிளம்பும்போது வாசலில் கேட்டீர்கள். முட்டையிட்டு முடியட்டும் என்றேன். சாக்குதான். களைப்பாக இருக்கிறது.

மினோரி

கோச்சி
ஜூன் 12

அன்பு மினோரிக்கு,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? யொமோகி இரை எடுக்கிறாளா? மணல் தொட்டியை வைத்துவிட்டாயா? ஈரம் போதுமா? முட்டை வயிற்றிலேயே தங்கிவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று படித்தேன். மணிக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொண்டே இரு. எனக்கும் தினம் ஒரு வரி எழுது.

உன் அறைக் கதவை நீ போன அன்றைக்கு இருந்தபடியே பாதி திறந்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம். எப்போது வருகிறாய்?

ஷூஹெய்

மத்சுயாமா
ஜூன் 19

அன்புள்ள ஷூஹெய்-சான்,

தினம் எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கூண்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். யொமோகி மூன்று இடத்தில் தோண்டினாள். நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், குழியை விட்டுவிட்டு ஏறிப்போவாள். நான்காம் நாள் கிளையைப் பிடிக்கக்கூட வலுவில்லை. பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

மிருக டாக்டர் தோக்கிதாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். வயிறு நிறைய முட்டை.

"தோண்டுறப்ப நீ எங்க இருந்தே?"

"பக்கத்துலயேதான் டாக்டர். கண்ணை எடுக்கலை."

"அதான் போடலை. யாராவது பாத்துட்டிருந்தா முட்டையை அங்க விடமாட்டா. அடக்கிக்கிட்டே செத்துப்போவா. போய்த் துணியைப் போட்டு மூடு. குடிக்கத் தண்ணி குழாய்லேர்ந்து தானா சொட்டட்டும். நீ ஊர்ல இருக்காதே."

ஊசி போட்டு அனுப்பினார். ஜன்னல் திரையைக் கழற்றிக் கூண்டை மூடினேன். அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். உயிரோடு இருப்பாளா என்று நொடிக்கு நொடி ஓடிப் பார்க்கத் தோன்றியது. ஷூஹெய்-சான், அந்த நாற்காலியில் நான் நீங்களாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அன்பில்லாமல் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அது இப்போது தெரிகிறது.

திரும்பி வந்து திரையை விலக்கினேன். மணல் யாரும் தொடாததுபோல் மட்டமாக இருந்தது. யொமோகி ஒட்டிப்போன வயிறும் மண் படிந்த மூக்குமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் தோண்டிப் பார்த்ததில் நாற்பத்தொரு முட்டை.

பொரிய ஏழு மாதம் ஆகுமாம். அதுவரை எனக்கு எழுதாதீர்கள். வரவும் வேண்டாம். திரும்புவேன் என்றும், மாட்டேன் என்றும் இன்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிகிற அன்று நானே எழுதுகிறேன்.

மினோரி

கோச்சி
ஜூன் 23

அன்பு மினோரிக்கு,

கடிதம் கிடைத்தது. இது ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் அறைக் கதவைச் சாத்திவிட்டேன்.

ஷூஹெய்