கண்ணாடியில் புகார்

ஒக்டோபர் 8, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. வெள்ளவத்தையிலிருந்து அளுத்கடை கோர்ட் வரை கார்க் கண்ணாடியின் உட்பக்கம் ஒரே புகார். வெளியே துடைக்க வைப்பர் உண்டு, உள்ளே என் கைதான். பம்பலப்பிட்டியில் ஒரு மாட்டுவண்டி மயிரிழையில் தப்பியது. பின் சீட்டில் நான் வேலை செய்யும் வக்கீல், பிரக்கிராசியார், சுருட்டும் கையுமாக. ஜன்னல் திறந்தால் தடிமன் பிடிக்குமாம்.

“பாத்து ஓட்டு தம்பி, எனக்கு ஒண்டும் தெரியேல்லை.”

“எனக்கும் தெரியேல்லை ஐயா.”

அவருக்குக் கண்ணில் பூ விழுந்த ஓகஸ்டிலிருந்து கிளாக்கும் நானே, சாரதியும் நானே. வினையும் அதுதான். மாமனார் கொட்டாஞ்சேனையில் சாக்குக் கடை வைத்திருப்பவர், இந்தியாவில் திருநெல்வேலிக்காரர். “கிளார்க்குன்னு சொல்லித்தானே பொண்ணு கேட்டீங்க? டிரைவருக்கா குடுத்தேன்?” என்று தெருவில் வைத்துக் கேட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. இனி உங்கள் வாசல்படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் மீனா, அக்காவின் பிள்ளைப்பேறு என்று அங்கே போனாள். பத்து நாள் என்றாள். இன்றோடு இருபத்துமூன்று. கல்யாணமாகி ஐந்து மாதம்தான்.

அவளுடைய சீப்பு மேசையில். எடுத்து உள்ளே வைக்க மனமில்லை.

ஒக்டோபர் 9, வெள்ளி

மழை. புகாருக்கு ஆளுக்கொரு வைத்தியம்.
பிரக்கிராசியார்: சுருட்டை ஊறவைத்த தண்ணீர். பூசினேன். நாற்றம்.
பக்கத்து வீட்டு நோனா: சவர்க்காரம். பாதை இரண்டிரண்டாகத் தெரிகிறது.
கராஜ் மெக்கானிக் பாஸ்: “ஜனேலே அரின்ன, மாத்தயா.” ஜன்னலைத் திற என்கிறான். கிழவர் விட்டால்தானே.
உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டித் தேய்ப்பது: திங்கள் பார்க்கலாம்.

மீனாவுக்குக் கடிதம் போட்டேன். “நீ போன கிழமை தொடங்கியது, இன்னும் விடவில்லை. எந்நேரமும் புகார். துடைத்துத் துடைத்துக் கை சலித்துவிட்டது. இனி இதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும். எப்போது வருகிறாய்?” ஏங்குகிறேன் என்று ஒரு வரி எழுதினேன். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

ஒக்டோபர் 12, திங்கள்

உருளைக்கிழங்கு நல்ல வேலை செய்கிறது. பதில் இல்லை.

கோர்ட்டிலிருந்து அவள் இருக்கும் இடம் ஒரு மைல்தான். ஒவ்வொரு நாளும் அந்த ஒரு மைலுக்கு இப்பால் காரைத் திருப்பிக்கொண்டு வருகிறேன். என் வாய்க்கு வேண்டும்.

ஒக்டோபர் 13, செவ்வாய்

பின்னேரம் அவளுடைய தபால் அட்டை. நாலு வரி. “என்மேல் இத்தனை புகார் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. கை சலித்தவர் எதற்குக் கூப்பிட வேண்டும்? நீங்கள் வழி பார்த்துக்கொள்ளுங்கள்.”

தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. பிரக்கிராசியாரிடம் வாசித்துக் காட்டினேன். சுருட்டு விழச் சிரித்தார்.

“அட விசரா! நாங்கள் முறைப்பாடு எண்டு சொல்லுறதை அவளின்ர ஆக்கள் புகார் எண்டுறவை. என்னட்டை வாற இந்தியக் கட்சிக்காரர் எல்லாம் புகார் குடுக்கோணும் எண்டுதானே வருவினம். கொழும்பில எங்க பனிப்புகார்? அந்தச் சொல்லு அவளின்ர காதில விழுந்திராது.”

நானும் சிரித்தேன். இவ்வளவுதானா! நாளைக்குப் போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது. வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 14, புதன்

மழை. கிழவர் கோர்ட்டுக்குள் போனதும் கொட்டாஞ்சேனைக்குத் திருப்பினேன். வாசல்படி மிதிக்கவில்லை, ஹோர்ன் அடித்தேன். மாமனார் குடையோடு வந்தார்.

“ஏறுங்கோ மாமா. ரெண்டு நிமிசம்.”

“ஒங்க கார்ல நான் எதுக்கு ஏறணும்?”

ஏறினார். கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றினேன். காலையில் கிழங்கு தேய்த்திருந்தேன், சனியன், பளிச்சென்று இருக்கிறது. புகார் பிடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறந்து பலமாக மூச்சு விட்டேன்.

“ஒடம்புக்கு ஆகலையா?”

கிழங்கு படாத பக்கக் கண்ணாடி மெல்ல வெளிறியது. அவருடைய கடை மறைந்தது.

“இதுதான் மாமா புகார். எங்கட ஊரில இதுக்குத்தான் அப்பிடிச் சொல்லுறது. கடிதத்தில எழுதினது இதைத்தான்.”

விரலால் தொட்டுப் பார்த்தார். “இது ஆவிதானே?”

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அந்தக் கடுதாசியை நான்தான் சத்தமா வாசிச்சேன், மாப்பிள. எம்பொண்ணுமேல புகார் எழுதுறானான்னு குதிச்சதும் நான்தான்.”

“மீனாவைக் கூப்பிடுங்கோ.”

“நேத்து ராத்திரி அவ அம்மாவோட தலைமன்னார் ரயில்ல ஏத்திட்டேன். ஊருக்கு. ரயில் கெளம்புற வரைக்கும் பிளாட்பார வாசலையே பாத்துக்கிட்டு நின்னா.”

அந்த நேரம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாமனார் இறங்கவில்லை. நானும் காரை எடுக்கவில்லை. கோர்ட் வாசலில் கிழவர் நனைந்திருக்கிறார், நல்ல ஏச்சு.

ஒக்டோபர் 15, வியாழன்

மழை இல்லை. திருநெல்வேலி விலாசம் மாமனாரே எழுதித் தந்தார். கடிதம் எழுத உட்கார்ந்தேன். எந்தச் சொல்லைப் போட்டாலும் அவள் ஊரில் அதற்கு என்ன பொருளோ என்று கை நிற்கிறது. நாலு தாள் கிழித்தாயிற்று.

ஐந்தாவதில் ‘வா’ என்று மட்டும் எழுதி ஒட்டினேன். அதற்கு இரண்டு ஊரிலும் ஒரே பொருள்தான்.