ஒரு மிடறு குறைந்த புட்டி

உன் வாய் பட்ட புட்டி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள், ‘வெற்று’ என்று நீ எழுதி ஒட்டிய சீட்டோடு. இன்று காலை, நாளைய பயணத்துக்காக அமிலத்தில் ஊறிய புட்டிகளை எடுத்து அலசும்போது அந்தப் புளிப்பு நெடி மூக்கில் ஏறியது. கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அறிவியல் அச்சத்தைப் போக்கும் என்று பள்ளியில் சொன்னார்கள். அதற்கான கருவி இன்னும் வந்து சேரவில்லை.

நம் வேலையை என் வீட்டிலேயே யாரும் நம்பியதில்லை. படகில் வளைகுடா வரை போய்க் கடல் தண்ணீர் மொண்டு வந்து, அதில் கரைந்திருக்கும் ஈயத்தை அளக்க வெளிநாட்டுக்கு அனுப்புவது. ஈயத்தின் ஐசோடோப்புகள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்த்தால், அது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது, எந்தப் புகையில் வந்தது என்பது தெரிந்துவிடும். விசாரித்ததும் பூர்வீகத்தை ஒளிக்காமல் சொல்வது இந்த ரங்கூனில் அது ஒன்றுதான் என்பாய்.

கடலில் இருக்கும் ஈயம் சொற்பம். நம் சட்டைக்கையில் அதைவிட அதிகம். அதற்குத்தான் வெற்றுப்புட்டி. அதில் சுத்திகரித்த நீரை நிரப்பி, மற்றப் புட்டிகளைப் போலவே சில சொட்டு அமிலம் விட்டு, அவை போகுமிடமெல்லாம் கொண்டுபோய்த் திறந்து மூடுவோம். அதில் தெரிகிற ஈயம் நம்முடையது. அதைக் கழித்தால்தான் கடலுடையது தெரியும். “முதல்ல நம்ம அழுக்க அளக்கணும்டா” என்பாய்.

அன்று போட்டாதாங் படகுத்துறையில் இறங்கியதும் சிப்பாய்கள் நிறுத்தினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு இருபது வயதிருக்கும்.

“சயா, இது என்ன?” படித்தவர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். துப்பாக்கி இருந்தாலும் மரியாதை மரியாதைதான்.

“கடல் தண்ணி, தம்பி,” என்றாய்.

“அதுக்கு எதுக்கு ரெண்டு பை?”

“கை பட்டா கெட்டுடும்.”

“எது, கடலா?”

நீ சிரித்தாய். அவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “அப்ப நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க,” என்றான்.

ஆறு புட்டிக் கடலுக்காக மூன்று நாள் வாந்தி எடுத்திருந்தோம். வெற்றுப்புட்டியில் இருப்பது நம் தண்ணீர்தானே என்று பயத்தில் அதை எடுத்துத் திறந்தேன். வாய்வரை கை எழவில்லை. நீ குறுக்கே பிடுங்கி ஒரு மிடறு விழுங்கினாய். “கொஞ்சம் புளிக்குது. கடலுக்கு வயசாயிடுச்சு,” என்றாய். அவன் போகச் சொல்லிவிட்டான்.

டாக்சியில் உட்கார்ந்ததும் என் தலையில் தட்டினாய். “மடப்பயலே, கடலைக் காப்பாத்திட்டு, சாட்சியக் குடிக்கக் குடுத்திட்டியேடா!” நடந்ததை எழுதிக் கேட்டபோது வெளிநாட்டு ஆய்வகமும் அதையே இன்னும் நாகரிகமாக எழுதியது: வெற்றுப்புட்டி கெட்டுப்போனதால் ஆறு புட்டிகளின் எண்களையும் ஏற்க இயலாது.

மூன்றாம் மாதம் நீ போய்விட்டாய். மருத்துவர் இதயம் என்றார். அந்த மிடற்றில் எலுமிச்சைச் சாற்றின் அளவுக்குத்தான் புளிப்பு, அது ஆளைக் கொல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவரிடம் கேட்க இன்றுவரை தைரியம் வரவில்லை.

நாளை தனியாகப் போகிறேன். அதே வளைகுடா, திரும்பி இறங்க அதே துறை. போகாவிட்டால் நீ தொடங்கியது அங்கேயே நின்றுவிடும். “கடல் தண்ணி, தம்பி” என்று கண்ணாடி முன் சொல்லிப் பார்க்கிறேன். கண்ணாடியில் இருப்பவனே நம்பவில்லை.

இந்த முறை பையில் இரண்டு வெற்றுப்புட்டிகள் வைத்திருக்கிறேன். ஒன்று அளக்க. மற்றதில் அமிலம் சேர்க்கவில்லை.