அப்பாவின் இடப்பக்கம்

லா சப்பல், பாரிஸ்
ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் யசோதினிக்கு,

அம்மா எழுதுகிறேன். துலூஸில் நீயும் மாக்சிமும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனையை எடுத்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா முன்பைவிடத் தேறியிருக்கிறார்.

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. நான் அனுப்பிய குரல் பதிவுகளும் கேட்கப்படாமலே கிடக்கின்றன. அதில் எனக்குக் கோபம் இல்லை. பேசத் தொடங்கினால் நான் அழுவேன், நீ பிரெஞ்சில் ஏதாவது சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எழுதினால் பொறுமையாகச் சொல்லலாம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நீ, வாசிக்க வராது என்று சாட்டுச் சொல்ல முடியாது. விளங்காத சொல் வந்தால் தாண்டிப் போ. ஆனால் கடைசிவரை வாசி.

முக்கியமானதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அப்பா உன்னைப் பார்க்க மறுக்கவில்லை. நீ அங்கே நின்றதே அவருக்குத் தெரியாது.

ரயிலால் இறங்கி நேரே வந்தாய். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று "அப்பா" என்று கூப்பிட்டாய். அவர் மற்றப் பக்கம், வாசலைப் பார்த்தபடியே கிடந்தார். திரும்பவும் கூப்பிட்டாய். அப்போதும் அவர் கண் வாசலில்தான் இருந்தது. நீ பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். பின்னால் ஓடி வந்த என்னிடம், "அவர் மாறவே மாட்டார் அம்மா" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ மாக்சிமைக் கலியாணம் செய்தபோது அவர், "இந்த வீட்டிலை இனி உனக்கு இடமில்லை" என்று சொன்னதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தால் நாங்கள் வேறு என்ன நினைப்போம்?

நீ போன அடுத்த வாரம்தான் டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். பாரிசவாதம் அப்பாவின் மூளையில் வலப்பக்கத்தைத் தாக்கியிருக்கிறது. அதனால் இடக்கையும் இடக்காலும் சோர்ந்துபோனது உனக்குத் தெரியும். அதோடு இன்னொன்றும் போய்விட்டதாம். இடப்பக்கத்தில் இருக்கும் எதுவும் அவர் கவனத்துக்கு வருவதில்லை. கண்ணில் பழுது இல்லை, காதிலும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் என்று ஒன்று இருக்கிறதென்றே அவருக்குத் தோன்றாதாம். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால், குரல் வலப்பக்கத்திலிருந்து வருவதாக எண்ணி அங்கேதான் தேடுவாராம். நீ கூப்பிட்டபோது அவர் வாசலில் உன்னைத் தேடியிருக்கிறார், பிள்ளை.

நான் உடனே நம்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பார்த்தபிறகுதான் நம்பினேன். கோப்பையில் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, "இவங்கள் என்ன, குருவிக்கோ சோறு வைக்கிறாங்கள்?" என்று ஏசினார். ரேஷ்மா கோப்பையை அரைவட்டம் திருப்பி வைத்தாள். "ஆ, இப்பதான் கொண்டு வருகினம்" என்று மிச்சத்தையும் தின்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.

ரேஷ்மா யார் என்று கேட்பாய். உன் அறையில் வாடகைக்கு இருக்கும் பெண்தான். அறையை வேறு ஒருத்திக்குக் கொடுத்தது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள்மேல் வருத்தப்படாதே. திருச்சிப் பிள்ளை. என்னை ஆன்ட்டி என்றும் அப்பாவை அங்கிள் என்றும் கூப்பிடுவாள். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று வந்த புதிதில் அப்பா கேட்டார். பழைய கிரேக்க ஞானிகள் இடம் என்பதை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதுதானாம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "லா சப்பலிலை சனிக்கிழமை மரக்கறி வானை நிப்பாட்டிப் பாக்கச் சொல்லு பிள்ளை. இடம் எண்டால் என்ன எண்டு கிரேக்கனுக்கும் விளங்கும்" என்றார். அப்பா ஓட்டிய அந்த வானை இப்போது அவருடைய சிநேகிதர் சாந்தன்தான் ஓட்டுகிறார். கடைகளுக்கு மரக்கறி இறக்கிவிட்டுப் போகும்போது அப்பாவை எட்டிப் பார்க்கிறார். எந்த நாளும் வலப்பக்கமாகத்தான் வருவார், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரித் தோட்டத்தில் மர வாங்கில் சேர்ந்து உட்கார்ந்து ரேஷ்மாவும் நானும் நிறையக் கதைத்திருக்கிறோம். உள்ளது எதுவானாலும் எங்கோ ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும், எங்குமே இல்லாதது இல்லாததுதான் என்று அந்தக் கிரேக்கர்கள் நினைத்தார்களாம். சாடிக்குள் இருந்த தண்ணீரை ஊற்றிவிட்டால் அந்த இடத்தில் காற்று வந்து நிற்கிறது. தண்ணீர் போனாலும் இடம் போகவில்லை. ஆகவே இடம் என்பது தண்ணீரின் பகுதி அல்ல, அதைச் சூழ்ந்து தாங்கியிருப்பதன் உள் எல்லைதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறாராம். அவருடைய குரு வேறு மாதிரி. இடம் ஒரு தாயைப் போல, எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும், தனக்கென்று ஓர் உருவம் வைத்துக்கொள்ளாது என்றாராம். பிள்ளை பெற்ற ஒருத்தியிடமும் கேட்காமல் எழுதியிருப்பார் என்று நான் சொன்னேன். ரேஷ்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா விழுந்த நாளிலிருந்து என் பக்கத்தில் ஒருவர் சிரித்தது அன்றுதான்.

வலம், இடம், முன், பின் எல்லாம் நாங்கள் திரும்பும்போது மாறிப்போகிறவை என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். "நம்ம தமிழ்ல பாருங்க ஆன்ட்டி, இடம்னா இடது பக்கமும்தான், இருக்கிற எடமும்தான். அங்கிளுக்கு எது தொலைஞ்சிருக்குன்னே தெரியல" என்றாள். பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அப்பா பயிற்சி நிலையத்தில் இருக்கிறார். அங்கே மரி-கிளேர் என்ற பெண்தான் அவருக்குப் பயிற்சி கொடுக்கிறாள். மேசையின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி வைத்திருக்கிறாள். அந்த நாடா தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும். அதுதான் முதல் பயிற்சி. அப்பா திருப்பவேயில்லை. கெஞ்சினோம், பகிடி விட்டுச் சிரிப்புக் காட்டினோம், இடப்பக்கத்தில் தேத்தண்ணீரை வைத்துப் பார்த்தோம். கழுத்தில் ஆணி அடித்த மாதிரி இருந்தார். உங்களுக்கு இடப்பக்கம் தெரிவதில்லை என்று சொன்னால், "ஓம் ஓம், சொன்னவை" என்பார். வாயால் ஒப்புக்கொள்வார். தலை திரும்பாது.

போன செவ்வாய் மரி-கிளேர் வேறொரு பயிற்சி செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த ஒரு தெருவை மனத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். சொந்த மொழியில் கேட்டால் நல்லது என்று என்னைக் கேட்கச் சொன்னாள். "மெத்ரோவாலை இறங்கி ரூ பஜோல் தெருத் தொடக்கத்திலை நிக்கிறியள். தெரு நீளத்துக்கும் பாத்தால் என்ன தெரியுது?" என்று கேட்டேன். வேகமாகச் சொன்னார். நகைக்கடை, போன்கடை, தான் பெட்டி இறக்கும் கடை, அதன் கதவு இறுகிப்போய்க் கிடப்பதுகூட. ஆனால் கோயிலைச் சொல்லவில்லை. வருடா வருடம் தேர் வடம் பிடித்த மனிதர், பிள்ளையாரை விட்டுவிட்டுப் போகிறார். கோயில் இடக்கைப் பக்கம்.

மரி-கிளேர், இனி தெருவின் மற்ற முனையில் நின்று மெத்ரோவைப் பார்ப்பதாக நினைக்கச் சொன்னாள். உடனே, "கோயில்! ஐயர் வாசலிலை நிக்கிறார்" என்றார். முதல் சொன்ன கடைகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. தெரு முழுக்க அவருக்குள்ளேதான் இருக்கிறது, பிள்ளை. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதைப் பொறுத்துப் பாதி மறைகிறது, அவ்வளவுதான்.

அடுத்ததாக வீட்டைக் கேட்கச் சொன்னாள். வாசற்கதவைத் திறந்து உள்ளே வருவதாக நினைக்கச் சொன்னேன். சமைக்கிற குசினி என்றார், எங்கள் அறை என்றார், நேரே ஜன்னல் என்றார். அத்தோடு சரி. அந்த வீட்டில் வேறு அறையே இல்லாத மாதிரி. கூட வந்திருந்த ரேஷ்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் கேட்டேன். "இப்ப ஜன்னலடியிலை நிண்டு வாசலைப் பாருங்கோ. என்ன தெரியுது?"

கண்ணை மூடியபடியே சொன்னார். "யசோவின்ரை அறை."

அவரே தொடர்ந்தார். "கதவு பூட்டிக் கிடக்கு. பிள்ளை படிக்கிறாள். சத்தம் போடாதையும்."

ரேஷ்மா அந்த அறைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல். அவளோடு தினமும் தேத்தண்ணீர் குடிப்பார். அவள் சாமான்களைத் தூக்கி உள்ளே வைத்ததே அவர்தான். ஆனாலும் அவருக்குள் அது உன் அறைதான். அவர் என்ன சொன்னார் என்று மரி-கிளேர் கேட்டாள். மொழிபெயர்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ரேஷ்மாதான் பிரெஞ்சில் சொன்னாள்.

அன்று மாலை அவருடைய வலப்பக்கம் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு சொல்லிவிட்டேன். "நீங்கள் விழுந்த கிழமை யசோ வந்தவள்."

"நீர் பொய் சொல்லுறீர்" என்றார். "வந்திருந்தால் நான் பாத்திருப்பன்தானே."

"வந்தவள். ரெண்டு தரம் அப்பா எண்டு கூப்பிட்டவள்."

சட்டைத் தெறி ஒன்றைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பிறகு கேட்டார், "எந்தப் பக்கம் நிண்டவள்?"

என் கண் அவரைத் தாண்டி ஜன்னல் பக்கம் போனது. அவருக்கு விளங்கிவிட்டது. வலக்கையால் கட்டிலின் கம்பியைப் பிடித்தார். நாடி முதலில் திரும்பியது, பிறகு கழுத்து, பிறகு கண். நெற்றியெல்லாம் வியர்த்தது. பாரச் சாமான் ஒன்றை அரக்கி நகர்த்துகிற மாதிரித் தலையை அரக்கி அரக்கி இடப்பக்கம் முழுவதுமாகத் திருப்பினார். அங்கே ஜன்னலும் ஒரு வெறும் கதிரையும்தான். அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மரி-கிளேர் இவ்வளவு நாளாகக் கெஞ்சிக் கேட்டது இதைத்தான். ஓடிப்போய் அவளைக் கூட்டி வர எனக்கு மனம் வரவில்லை. அவர் முகத்தை வேறொருவர் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

அதற்குப் பிறகு தினமும் திருப்புகிறார். யாராவது அறைக்குள் வந்தால் வலப்பக்கம் பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல மற்றப் பக்கமும் பார்க்கிறார். மேசையில் ஒட்டியிருந்த சிவப்பு நாடாவை எடுத்தாயிற்று.

உன்னை வரச் சொல்லு என்று அவர் சொன்னாரா என்று கேட்பாய். சொல்லவில்லை. உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். மாக்சிமின் பெயரை இன்னும் அவர் வாயில் எடுக்கவில்லை. தான் சொன்னது பிழை என்றும் சொல்லவில்லை. நேற்று ரேஷ்மா, அங்கிள் வீட்டுக்கு வரும்போது நான் வேறு அறை பார்த்துக்கொள்கிறேன், யசோதினிக்கு அறை வேண்டுமே என்றாள். ஓரிடத்தில் இரண்டு பொருள் இருக்க முடியாது என்று கிரேக்கர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளை ஏன் போக வேணும்? ஹோலிலை பெரிய கட்டில் ஒண்டு போடலாம்" என்றார். யாருக்குப் பெரிய கட்டில் என்று நான் கேட்கவில்லை. ஹோலை அளந்து பார்த்தேன். மேசையைத் தள்ளினால் இரண்டு பேர் படுக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள். சாந்தன் வானோடு வருவார். இதற்குமேல் நான் உன்னைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. கோபிக்க உனக்கு நியாயம் இருக்கிறது. அதை இல்லை என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

இன்னும் ஒன்று. ஆஸ்பத்திரியில் அந்தப் புழுக்கத்திலும் நீ மேற்சட்டையைக் கழற்றவேயில்லை, வயிற்றோடு சேர்த்து இழுத்துப் பிடித்தபடியே நின்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும் நாளில் புதிதாகக் கேட்பது போலவே கேட்பேன். ரயிலில் வருவதென்றால் மாக்சிமையும் கூட்டிக்கொண்டு வா. பை எதையும் நீ தூக்காதே. மெத்ரோப் படிகளில் கைபிடியை விடாமல் இறங்கு. பசி கிடக்காதே.

பிள்ளையார் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

அன்புடன்,
அம்மா
கோசலை