பச்சை என்று சொன்னேன்

1933 ஜூலை 12, ஆம்பூர்

காலையில் துவைத்துப் போட்ட புடவையை மத்தியானம் எடுத்தால், துவைக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆவாரம் பட்டை இடிக்கிற கொட்டகை. அந்தப் பட்டை ஊறிய தண்ணீரில்தான் தோலைப் போட்டுப் பதப்படுத்துகிறார்கள். இந்த ஊரே அதில்தான் சோறு தின்கிறது. தூள் மட்டும் என் வீட்டுக்கு.

அக்தர் பானுவுக்கு மறுபடியும் இழுப்பு. பதினோரு வயதுப் பெண், மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். படுத்தால் மூச்சு வருவதில்லை.

ஜூலை 19

ஹக்கீம் வந்து மார்பில் காது வைத்துக் கேட்டார். "மருந்து இன்னா குடுத்தாலும் இந்தக் காத்து இருக்குதேம்மா. மழைக்கு முன்னாடி புள்ளைய ஊர் மாத்துங்க" என்றார். போகும்போது வழக்கமாக வாங்கிக் கொள்கிற தேநீரைக்கூட வாங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாற்றுவதற்கு எங்களுக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று சிதம்பரம். என் அக்கா முனவ்வர் அங்கே இருக்கிறாள். யூனிவர்சிட்டி வந்த பிறகு ஊர் நிறைய மாணவர்கள், புதுக் கட்டடங்கள், டாக்டர்கள், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அவள் புருஷன் மாணவர்களுக்கு பூட்ஸ் விற்கிறார்.

இன்னொன்று பழவேற்காட்டு ஏரிக்குள் ஒரு தீவு. முப்பது வீடு, ஒரு பள்ளிவாசல், போக வரப் படகு. என் வீட்டுக்காரருடைய அத்தை, பூப்பி, அங்கே தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடம் என்ற பேச்சே கிடையாது.

ஜூலை 23

அவர் தீவு என்கிறார். நான் சிதம்பரம் என்கிறேன். அவர் தோல் தரம் பிரிக்கிறவர்; எதையும் விரலால் தடவிப் பார்த்து ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். "காத்துக்குத்தானே அனுப்புறோம்? காத்து எங்க ஜாஸ்தியோ அங்க அனுப்பு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அக்தரையே கேட்டார். "தீவுன்னா படகுல போலாமா அப்பாஜான்?" என்று அவள் முகம் மலர்ந்துவிட்டது. படகாம்!

இந்த நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? எனக்குப் பூப்பியைப் பிடிக்காது. கல்யாணத்தன்று சபை நடுவே, "எழுத்துப் படிச்ச பொண்ணு வீட்டுக்கு ஆகுமா?" என்று கேட்டவர். நான் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்கே அந்தப் பேச்சு. என் மகள் ஐந்தாவதோடு நிற்கக் கூடாது. சிதம்பரம் போனால் படிப்பாள். எனக்கு வேண்டியது அது. மூச்சும் வேண்டும், படிப்பும் வேண்டும்.

ஜூலை 27

அவர் சொல்லிவிட்டார்: "நாம ரெண்டு பேரும் பேசிப் பேசி பேஜாராப் போச்சு. இஸ்திகாரா பார்த்துடு. தாய் பார்த்தா சரியா இருக்கும்."

எங்கள் குடும்பத்தில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் அப்படித்தான் முடிவாகும். இரண்டு ரக்அத் தொழுது, எந்தக் காரியமோ அதை மனதில் வைத்துத் துஆ ஓதி, யாரோடும் பேசாமல் படுக்க வேண்டும். கனவில் வெள்ளையோ பச்சையோ வந்தால் செய்யலாம். சிவப்போ கறுப்போ வந்தால் விட்டுவிட வேண்டும். சிதம்பரத்தை வைத்துக் கேட்கச் சொன்னார்.

ஜூலை 28, வெள்ளி

பார்த்தேன்.

ரயில் ஸ்டேஷன். நான் போயிராத ஸ்டேஷன், ஆனால் சிதம்பரம் என்று தெரிகிறது. அக்தர் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். அவள் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். சிவப்பு.

விழித்ததும் யோசித்தேன். அது பட்டைத் தண்ணீர்தானே? தொட்டியைத் திறந்துவிட்டால் எங்கள் வாசல் சாக்கடையில் தினமும் ஓடுகிற சிவப்பு. பதின்மூன்று வருஷமாகக் கண்ணில் படுவது கனவில் வராமல் இருக்குமா? இந்தத் தெருவில் யாருக்குத்தான் சிவப்பு வராது? வேறு ஊர்க்காரிக்கு வந்தால் அது எச்சரிக்கை. எனக்கு வந்தால் சாக்கடை. அப்படித்தானே? — அப்படித்தான்.

அவர் பஜ்ர் தொழுதுவிட்டு வந்து நின்றார். "இன்னா பார்த்த?"

"பச்சை" என்றேன். "வயல். நல்ல பச்சை."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு தீவு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6

அவர்தான் அழைத்துப் போகிறார். மாமனார் பக்கவாதத்தில் கிடக்கிறார்; அவரை விட்டு நான் நகர முடியாது. ஸ்டேஷனுக்குக் கூடப் போகவில்லை. வாசலிலேயே அவள் தலையில் கை வைத்து ஓதினேன்.

"அங்க படகு இருக்காதா அம்மி?"

"படிச்சுட்டு வா, படகு வாங்கலாம்" என்றேன்.

செப்டம்பர் 11

அக்தரிடமிருந்து கார்டு. நான் சொல்லிக் கொடுத்த தமிழ் எழுத்து, குண்டு குண்டாக. மூன்றாம் பெஞ்சில் உட்கார்கிறாளாம். வாத்தியாரம்மா அவள் கையெழுத்தை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டினாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் ஒரு வரி: பக்கத்து வீடு மாணவர்கள் சாப்பிடுகிற மெஸ், விடியற்காலையிலிருந்து விறகு அடுப்பு எரிகிறது, புகை இவள் ஜன்னலுக்குத்தான் வருகிறது.

அவருக்கு உருது மட்டும்தான் படிக்கத் தெரியும். கார்டை நான் படித்துக் காட்டினேன். அந்த வரியைப் படிக்கவில்லை.

செப்டம்பர் 14

வேறு அறை கொடுக்கச் சொல்லி அக்காவுக்கு எழுதினேன்.

செப்டம்பர் 29

"இருப்பது இரண்டு அறை சகீனா, எங்கே போவேன்? ஜன்னலை மூடித்தான் வைக்கிறேன்" என்று அக்கா எழுதியிருக்கிறாள்.

மூடிய ஜன்னல். அதற்கு ஆம்பூரே போதுமே.

நவம்பர் 20

மூன்று வாரமாகக் கார்டு இல்லை. மழையில் தபால் தாமதம் என்கிறார் அவர். போய் அழைத்து வந்துவிடலாமா என்று கேட்டேன். "நல்லது பார்த்துதானே அனுப்பினோம். ஏன் குழப்பிக்கிற?" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 9

தந்தி.

டிசம்பர் 13

அவர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதாம். முகம் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பி நின்றவளுக்கு மூச்சு அடைத்திருக்கிறது. டாக்டர் இரண்டு தெரு தள்ளித்தான். வந்துதான் இருக்கிறார்.

டாக்டர் இருக்கிற ஊர் என்று நான்தானே வாதாடினேன். பாவி, நான்தானே.

1934 ஜனவரி 17

இன்று பெருநாள். இன்றே அவளுக்கு நாற்பதாம் நாள். வந்த பெண்கள் அழுதார்கள். அவர் அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு: "எங்க மேல குத்தம் இல்ல. கேட்டுட்டுத்தான் அனுப்பினோம். இவ பச்சை பார்த்தா. அவன் உத்தரவு அது."

அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். நான் உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும்?

பிப்ரவரி 25

மாமனார் போய்விட்டார்.

ஏப்ரல் 8

சுவருக்கு அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டாலே அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். "அவ மூச்சு இழுக்கற மாதிரியே கேக்குது. பூப்பிகிட்டயே போய்டலாம். நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லு" என்றார்.

"பார்க்க வேணாம். நீங்க சொன்னா வர்றேன்."

"நீ பார்த்தாதான் எனக்குத் திருப்தி."

தொழுகைப் பாயை விரித்தேன். விடியும் வரை கண் மூடவில்லை. கனவு எங்கே வரும்? காலையில் அவர் கேட்டதும், "வெள்ளை" என்றேன். இரண்டாவது தடவை சுலபமாக வந்தது.

ஜூன் 20, தீவு

படகில் வந்து இறங்கினோம். இங்கே தூள் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. காற்று, காற்று, காற்று.

பூப்பி கிழவியாகிவிட்டார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பின்கட்டில் ஒரு சின்ன அறையைத் திறந்தார். நாலு சுவரும் வெள்ளை. ஒரு கை பட்ட அழுக்குக்கூட இல்லை. ஏரிப் பக்கம் தாழ்வாக ஒரு ஜன்னல். தரையில் உட்கார்ந்தால் படகுகள் தெரிகின்றன.

"புள்ளைக்கு இழுப்புன்னு போன வருஷம் கடுதாசி வந்துச்சே, அன்னிக்கே சிப்பி சுட்டு நானே சுண்ணாம்பு அடிச்சேன். அதுக்குப் படகுன்னா ஆசைன்னு எழுதியிருந்தான். ஜன்னலும் ஆள் விட்டு வெச்சேன். எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ளையாச்சே, எனக்குக் குர்ஆன்ல யாசீன் படிச்சுக் காட்டும்னு நினைச்சேன். ஏம்மா அனுப்பல?"

அவர் என் பின்னால் நின்றிருந்தார். "நாம இன்னா பண்றது பூப்பி? இவ சிதம்பரத்துக்குப் பச்சை பார்த்தா" என்றார்.

பூப்பி என் முகத்தைப் பார்த்தார். "பச்சையா பார்த்த?"

"ஆமா" என்றேன்.

எங்களுக்குப் படுக்கை அந்த அறையில்தான் போட்டிருக்கிறார்.