நீ இல்லை என்று நான் கொடுத்த பிரமாணம்

கோர்ட்டுக்குப் போய்த் திரும்பியும் என் இடது கட்டைவிரல் சுத்தமாக இருக்கிறது. மை இல்லை. வேட்டியில் துடைத்த கறையும் இல்லை. நீ இருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பாய். அதனால் உனக்கு எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது.

நம் வயலுக்குப் போகிற பாதையைப் பக்கத்து வயல்காரர் வேலி போட்டு அடைத்தபோது, பட்டா உன் பெயரில் இருந்ததால் நீதான் வாதி. மனுவோடு சத்தியப் பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் ரேகை வாங்க வேண்டும் என்றார் வக்கீலம்மா. எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு விரலை நீட்டுகிற இடத்தில் நீ விரலை மடக்கிக்கொண்டாய்.

"மெதுவா வாசிங்கம்மா. ரேகை என்னுதுல்ல?"

மிகுந்த மன உளைச்சல் அடைந்தேன் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னாய்.

"ஒளைச்சலெல்லாம் படலைங்க. கோவந்தான் பட்டேன். அதப் போடுங்க."

வக்கீலம்மா சிரித்துக்கொண்டே மறுபடி டைப் அடிக்கக் கொடுத்தார். கறம்பக்குடி பஸ் போய்விட்டது என்று டீக்கடையில் உன்னைத் திட்டினேன். நீ வடையைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய்.

நான் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தபோது, "கலெக்டராகப் போறீங்களாக்கும்" என்றாய். நான் கொம்பும் காலும் பழகிக்கொண்டிருந்தபோதே போய்விட்டாய்.

வாதி இறந்தால், வாரிசுகளைச் சேர்க்கச் சொல்லிக் கெடுவுக்குள் மனுப் போட வேண்டுமாம். தவறினால் வழக்கு அற்றுப்போகும், பாதையும் போய்விடும். அதற்கும் பிரமாணப் பத்திரம். இன்றைக்கு மகளுடன் போனேன். வாசித்துக் காட்டி ரேகை பெறப்பட்டது என்று அடியில் வழக்கம்போல அடித்து வைத்திருந்தார்கள். நானே வாசிக்கிறேன் என்றேன். வக்கீலம்மா அந்த வரியை எடுத்துவிட்டு வேறு தாள் தந்தார்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒவ்வொரு வரியும் வந்தது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இறந்துவிட்டார் என்பதைக்கூட ஒரு திக்கல் இல்லாமல் வாசித்துவிட்டு, சரிதானே என்று மகளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று தெரிந்தது.

அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நானே வாயால் சொன்னதுதான்.

அத்தாட்சிக் கையெழுத்துப் போட வேறொரு வக்கீல் வந்தார். "இதுல இருக்கதெல்லாம் உண்மைதானேங்கய்யா? வாயால சொல்லணும்" என்றார். நான் தாளில் அந்த வரியை மறுபடி தேடிக்கொண்டிருந்தேன். மகள் என் முழங்கையைத் தொட்டாள்.

"உண்மைதாங்க."

கையெழுத்துப் போட்டேன். கோணல் இல்லை.

உன் பெயரை அடித்துவிடுவார்களா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். அடிக்க மாட்டார்களாம். பக்கத்தில் இறந்துவிட்டார் என்று போட்டு, அதற்கும் கீழேதான் என் பெயரும் மகள் பெயரும் வருமாம். அடுத்த வாய்தாவுக்கு நான்தான் போய் நிற்க வேண்டும். நிற்கிறேன். வழக்கு முடிகிறவரை எல்லாத் தாளிலும் முதலில் நீ. உனக்குக் கீழே நான்.